தொட்டிக்குள் போன கை

“இந்த வீட்டுக்குள்ளை இருந்துகொண்டே ஆரோ கொல்லுகினம்,” என்றான் ஜெரிசன். அவன் கையிலிருந்த சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாறியிருந்தது.

கதவோரம் மனைவி றொசாந்தி நின்றாள். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

ஜெரிசன் குருநகரில் கடலட்டை பிடிக்கக் கடலில் சுழியோடுகிறவன். கடலடியில் கண்ட அழகை வீட்டிலும் காண ஆசைப்பட்டு, கொழும்பிலிருந்து உயிர்ப் பவள முருகைகளும் வண்ண மீன்களும் வாங்கி வந்து ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தான். அதில்தான் அவன் உயிரே இருந்தது. இப்போது தண்ணீரில் நைத்திரேற்று ஏறி, ஊதா முருகைகளெல்லாம் மண்ணிறமாகிச் செத்துக்கொண்டிருந்தன.

போட்ட இரை கூடி அழுகினால்தான் அந்த நஞ்சு ஏறும்; சோதனைக் குழாயும் சிவக்கும். அவனோ இரையைப் பாதியாகக் குறைத்துவிட்டான். தண்ணீரையும் மாற்றிப் பார்த்துவிட்டான். சிவப்பு மட்டும் குறைந்த பாடில்லை.

“நீ ஏதும் போடுறனியோ?”

“எனக்கென்ன விசரே?” என்றபடி வந்து தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். காப்பு முழங்கைவரை சரிந்து விழுந்தது. ஜெரிசனின் கண் முருகைகளில் இருந்தது.

போன வருடம் அவன் கூட்டாளி பிரகாஸ் சுழியோடிவிட்டு மேலே வராமலே போய்விட்டான். அன்றிலிருந்து கடல் என்றாலே றொசாந்திக்கு ஆகாது. அந்தக் கோபத்தைத் தொட்டியில் தீர்க்கிறாள் என்று ஜெரிசன் முடிவு கட்டிவிட்டான். கட்டிய மனைவியை உளவு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது அவன் சந்தேகம்.

மறுநாள் விடிய, வழமைபோலத் தன் கையாலேயே அவளுக்குப் புட்டும் அவித்த மீனும் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி வைத்தான்.

“ஆறமுதல் சாப்பிடு. கடலுக்குப் போட்டு வாறன்.”

மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முடக்கில் நிறுத்திவிட்டு, பின்வேலியால் திரும்பி வந்து குசினி யன்னலடியில் பதுங்கினான். அவளாக இருக்கக்கூடாதே என்றும் ஒரு பக்கம் மனம் கிடந்து தவித்தது.

றொசாந்தி கோப்பையோடு தொட்டியடிக்கு வந்தாள். மூடியைத் தூக்கி, மீனை உதிர்த்து உதிர்த்துத் தண்ணீருக்குள் போட்டாள்.

பாய்ந்து உள்ளே போய் அவள் கையைப் பிடித்தான் ஜெரிசன். “அதுகும் உயிர்தானேயடி. கொல்ல உனக்கு எப்பிடி மனம் வந்தது?”

அவள் திமிறவில்லை. கோப்பையில் புட்டு ஒரு பிடியும் குறையாமல் கிடந்தது.

“கொல்ல நினைக்கேல்லை. மீன் பின்னேரத்துக்கிடையிலை பழுதாப்போகும், அதைக் குப்பையிலை கொட்ட மனம் வரேல்லை.”

“அப்ப நீ சாப்பிடுறதுக்கென்ன?”

றொசாந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒவ்வொரு நாளும் நீங்கள் கரையேறுற வரைக்கும் பச்சைத் தண்ணியும் குடிக்கிறேல்லையெண்டு எங்கடை கோயில் யாகப்பருக்கு நேர்ந்திருக்கிறன்.”