சௌதாமினி அழைத்த வண்டி

கவச உடை அணிந்த இருவர் லோனப்பனை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது, எங்கள் தெருவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"எனக்குக் காய்ச்சலே இல்ல சாரே. வாயு, நெஞ்சைப் பிடிக்குது. ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் கொரோனா ஒட்டிக்கும். விட்டுடுங்க."

"மூச்சு வாங்குதுன்னு தகவல் வந்திருக்கு. டெஸ்ட் எடுக்காம விட முடியாது. ஏறுங்க."

"எந்தப் புண்ணியவான் சொன்னது?" என்று கேட்டார் அவர் மனைவி த்ரேசியா.

"நான்தான் த்ரேசியா. கொரோனா மாதிரி இருக்குன்னு ஃபோன் பண்ணினேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார் பக்கத்து வீட்டு சௌதாமினி.

கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவின் அந்த ஊரடங்கு மாதங்களை இன்று நினைத்தாலும் மனம் கனிகிறது. மாலை ஆறு மணியானால் இரு வீட்டாரும் மதிலின் இருபுறமும் நாற்காலி போட்டு, தொலைக்காட்சியில் அன்றைய மரணக் கணக்கைக் கேட்பார்கள். வறுத்த பலாக்கொட்டை மதில் தாண்டிப் போய்வரும். சௌதாமினி, புள்ளிவிவரத் துறையில் இறப்புக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்ன சௌதாமினி, இன்னிக்கு எத்தனை பேரை மேல அனுப்பின?" என்பார் லோனப்பன்.

"உங்க பேரு இன்னும் வரல லோனப்பேட்டா. வருத்தப்படாதீங்க."

கதவுகளை அடைத்துக்கொண்ட அந்தக் காலத்தில்தான் மனிதர்கள் மதிலருகே வந்தார்கள். அதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த உறவு, ஆம்புலன்ஸ் வந்த அன்று முறிந்தது.

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசினது வேவு பார்க்கத்தானா சேச்சி? நாளைக்கு சர்ச் திறந்தா எங்க பக்கத்துல யாரு உட்காருவா?" என்று கேட்டார் த்ரேசியா.

இரவுக்கென்று சௌதாமினி மதில்மேல் வைத்த கஞ்சியை அவர் தொடவில்லை.

மறுநாள் மாலை லோனப்பன் மருத்துவமனையிலிருந்து த்ரேசியாவை ஃபோனில் அழைத்தார்.

"கொரோனா இல்லடீ. ரத்தக்குழாய்ல அடைப்பாம். சரி பண்ணிட்டாங்க. இன்னும் ஒரு ராத்திரி வீட்ல படுத்திருந்தா ஆளே இல்லையாம். டிவியில கொரோனா கணக்குதான் சொல்றாங்க, ஆனா இப்பவும் நெஞ்சு வலியிலதான் அதிகம் பேர் போறாங்கன்னு டாக்டர் சொன்னாரு. எல்லாரும் என்னை மாதிரியே பயந்து, வராமலே கிடக்குறாங்களாம்."

நாம் அஞ்சி ஓடும் மரணம் ஒன்று. வாசலில் வந்து நிற்கும் மரணம் வேறொன்று.

த்ரேசியா மதிலருகே போனார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கோபம் முழுதாக இறங்கவில்லை.

"அவர் நெஞ்சைப் பிடிச்சதைப் பார்த்தப்பவே, அது நெஞ்சு வலின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு இல்ல சேச்சி? அதையே சொல்லி வண்டியைக் கூப்பிட்டிருக்கலாமே. எதுக்குக் கொரோனான்னு சொல்லி, தெருவே ஜன்னலைச் சாத்துற மாதிரி பண்ணினீங்க?"

"நெஞ்சு வலின்னு வர்ற வண்டியை உன் வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிடுவாரு த்ரேசியா. கொரோனான்னு வர்ற வண்டியை அவரால திருப்பி அனுப்ப முடியாது."