ஆறு மணிக் காவாலி

சிவசக்தி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் ரெண்டு ரொட்டி கூடச் சுடு" என்றாள் மாமியார் பெரியாயி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

யாருக்கு என்று கேட்க வாய் வரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் சிவசக்தி மாமியாரிடம் கேட்ட கேள்விகளை எண்ண ஒரு கை விரலே போதும்.

சாயங்காலம் மணி ஆறு. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் புதருக்குள்ளிருந்து நீளமாக ஒரு சீட்டிச் சத்தம்.

"கேட்டியா ரெங்கம்மா! நாலு நாளா இதே கூத்து!" பெரியாயி லயமே கேட்கக் கத்தினாள். "என் மருமக பீலியில தண்ணி புடிக்கப் போற நேரமாப் பாத்து எவனோ காவாலி சீட்டியடிக்கிறான். இனி அவ வாசப்படி தாண்டக்கூடாது. தண்ணிய நானே தூக்கித் தொலைக்கிறேன். எல்லாம் என் தலையெழுத்து!"

பக்கத்துக் காம்பராவிலிருந்து ரெங்கம்மா தலையை நீட்டினாள்.

"இங்க வயசுப் பயன்னா கஜேந்திரன் ஒருத்தன்தானே? நாளைக்குக் காலையில பெரட்டுல, வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிற அத்தன சனத்துக்கு முன்னால தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி அவன் மானத்த வாங்குறேன் பாரு!"

சிவசக்தியின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

சீட்டியடிப்பது யார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். பின் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. சருகைக் கிளறிக்கொண்டே வந்து, கழுத்தை நிமிர்த்தி ஒரு சீட்டி. ஆறுமணிக் குருவி! புரட்டாசி வந்தால் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்துவிடும். அவள் பிறந்த தெமோதரைப் பக்கம் அதைத் தெரியாத பிள்ளையே கிடையாது.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து இரண்டரை மாசம்தான். "மருமக எத்தன நாளைக்கு மகாராணி?" என்று ரெங்கம்மா கேட்டதிலிருந்து மறுபடி தண்ணி தூக்கினாள். படியேறும்போது தையல் போட்ட இடம் சுண்டி இழுக்கும். குருவி வந்தது, குடம் இறங்கியது. நாலு நாள் நிம்மதி.

அதுக்காக ஒருத்தன் தலைகுனிந்து நிற்பதா?

பெரியாயி தண்ணீரோடு திரும்பி வந்தாள். சிவசக்தி மாவை விட்டு எழுந்தாள்.

"மாமி... அது ஆளில்ல, குருவி. எனக்கு மொதல்லயே தெரியும். தண்ணி தூக்கப் பயந்துக்கிட்டு பேசாம இருந்துட்டேன். பாவம், கஜேந்திரன் அண்ணன்..."

பெரியாயி குடத்தை இறக்கினாள். வாசலை எட்டிப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"மெதுவாப் பேசுடி! அம்பது வருசமா இந்த மலையில இருக்கேன். எனக்கு ஆறுமணிக் குருவி தெரியாதா?"

"மாமி?"

"வயித்தப் புடிச்சுக்கிட்டு நீ படியேறுறத எத்தன நாளைக்குப் பாக்குறது? சும்மா உக்கார வச்சா ரெங்கம்மா வாயி சும்மா இருக்குமா? அதான் குருவியக் காவாலியாக்கிட்டேன்."

"அப்ப அந்த அண்ணன்?"

"அவன் பேருதான் அடிபடும்னு தெரியும். மொத நாளே கூப்புட்டு, 'யாரு திட்டுனாலும் பல்லக் காட்டிக்கிட்டு நில்லுடா'ன்னு சொல்லி வச்சிட்டேன். பின்ன, ரெண்டு ரொட்டி குருவிக்குன்னா நெனச்ச?"

சிவசக்திக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மாவுக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"மூஞ்சியெல்லாம் மாவு! இத மட்டும் வெளிய விட்டுறாத. ரெங்கம்மாவுக்கு இந்தக் குருவியப் பத்தி எங்க தெரியப்போ..."

"அடியே சக்தி!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரெங்கம்மாவின் குரல். "ஒங்க காவாலி என் வாசல்ல புழு பொறுக்குறான், புள்ளையத் தூக்கிட்டு ஓடியா! நாலு நாளா நானும் எவ்வளவுதான் சிரிப்ப அடக்குறது!"