நான்காம் பாடம்

வண்டியை ஓரம் கட்டுவதற்குள் பையன் கதவைத் திறந்து ரோட்டில் வாந்தி எடுத்துவிட்டான். அப்பா இறங்கிப் போய் முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்த நாற்றத்துக்கு, போன மாதமாக இருந்தால் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும்.

இந்த மாதம் அவர் வேறு ஆள். பிள்ளைகள் குடிப் பக்கம் போகாமல் காப்பது எப்படி என்று பெற்றோருக்கு ஆன்லைனில் நடக்கும் வகுப்பில் மனைவி அவரைச் சேர்த்துவிட்டிருந்தாள். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்தில், மோட்டார் அறையில் குந்தியபடி செல்போனில் பாடம் பார்ப்பார். பரீட்சை பையனுக்கா உங்களுக்கா என்று கூட வேலை செய்கிறவர்கள் ஓட்டினார்கள்.

நான்காம் பாடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிள்ளை குடித்துவிட்டுக் கூப்பிட்டால் போய்க் கூட்டி வாருங்கள். அன்றைக்கே விசாரணை வேண்டாம், தெளிந்ததும் பேசுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடு, ஏன் எதற்கென்று கேட்கவே மாட்டேன் என்று மகனிடம் தலையில் அடித்துச் சத்தியமே செய்திருந்தார்.

இன்று சாயங்காலம் கூப்பிட்டுவிட்டான். "எங்கள வந்து கூட்டிட்டுப் போங்கப்பா" என்றான், நாக்குக் குழற. பாதி கட்டி நிற்கிற ஒரு கட்டடத்தின் வாசலில், மணல் குவியல் மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். கைத்தாங்கலாக ஏற்றும்போதும் இவர் வாயைத் திறக்கவில்லை.

வழியெல்லாம் பையன் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான். "அப்பா, அது வந்து..." என்று இரண்டு முறை ஆரம்பித்தான். யார் வாங்கிக் கொடுத்தது, எத்தனை நாளாக நடக்கிறது என்று இவருக்குத் தொண்டை வரைக்கும் கேள்விகள் முட்டின. அத்தனையையும் விழுங்கினார்.

"இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்டா தங்கம். காலைல பேசிக்கலாம்."

பையன் விசும்பி விசும்பி அழுதான். திருந்துகிற அழுகை என்று இவருக்கும் கண் கலங்கியது.

வீட்டில் மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள். இவர் உதட்டில் விரல் வைத்தார். மூஞ்சி கழுவிவிட்டு, வாந்தி மூச்சை அடைக்காமலிருக்க மகனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அவன் இவர் சட்டையைப் பிடித்து இழுத்து என்னவோ முனகினான். தட்டிக் கொடுத்தார், அப்படியே தூங்கிப் போனான். ஒருவழியாக நல்ல அப்பனாகிவிட்டோம் என்று இவரும் நிம்மதியாகப் படுத்தார்.

விடிந்ததும் போன் அடித்தது. தடிக் கண்ணாடிக்காக எல்லோரும் 'சோடா' என்று கூப்பிடுகிற, மகனின் சிநேகிதன் ஒருவனுடைய அம்மா பேசினாள். ராத்திரி உங்கள் வீட்டில் தங்கப் போவதாகச் சொன்னான், போனை எடுக்க மாட்டேன் என்கிறான், கொஞ்சம் எழுப்பி அனுப்புங்கள் என்றாள்.

போனும் கையுமாக மகனின் அறைக்குப் போனார். அவன் எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். போதை சுத்தமாக இறங்கியிருந்தது.

"சோடா அங்க மூணாவது மாடியிலதாம்ப்பா கெடக்கான். எவ்வளவு உலுக்கியும் கண்ணத் தொறக்கல. அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்."

போனில் அந்த அம்மா இன்னும் காத்திருந்தாள்.

"நீங்க ஏன்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?"