நாலாம் நம்பர் விண்ணப்பம்

“மார்க் போடறதுக்கு உன்னை விட்டா எனக்கு வேற யாரும்மா இருக்காங்க?” என்று சொல்லி, துறைத் தலைவர் ஏழு விண்ணப்பங்களை மேஜையில் நகர்த்தினார்.

எண்டோஸ்கோபி துறையில் அவர் முகத்துக்கு முன்னால் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘மூணு நிமிஷம்’. குடலுக்குள் விட்ட கேமராக் குழாயை மூன்றே நிமிடத்தில் உருவிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். மயக்கம் தெளிந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: “எல்லாம் க்ளீனா இருக்கு.”

இளம் டாக்டர் விண்ணப்பங்களைத் தொடத் தயங்கினாள்.

“சார், இந்த வளரும் ஆராய்ச்சியாளர் நிதிக்கு நானும் விண்ணப்பிச்சிருக்கேன். நானே எப்படி மார்க் போடறது?”

“அட, பேரெல்லாம் மறைச்சாச்சும்மா. வெறும் நம்பர்தான். எது யாரோடதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“என்னோடதுல நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்கல்ல சார்?”

“அது போகவேண்டிய இடத்துக்குப் போயாச்சு. கவலையே படாதே. அப்புறம், மார்க் ஷீட்ல உன் கையெழுத்தையே போடு. எத்தனை நாளைக்குத்தான் எல்லாத்துலயும் பெரியவங்களே கையெழுத்துப் போடறது?”

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாலு வருடத்தில் இந்த மனிதர் அவளை நம்பி ஒப்படைத்த முதல் வேலை இது. மற்றதெல்லாம் அவர் பெயரில் அவள் செய்தவை.

அவளுடைய தற்காலிகப் பணி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிதி கிடைத்தால் மூன்று வருடம் ஆராய்ச்சி, மூன்று வருடம் வேலை. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வயது வரம்பு கிடையாது என்று இந்த வருடம் விதியை வேறு தாராளமாக்கியிருந்தார்கள். முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்து ஐந்து வருடம் ஆகாதவர் யாராக இருந்தாலும் ‘வளரும்’ கணக்கில் சேர்த்தியாம். ஆகவே போட்டி பலமாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள்.

குழாய் கழுவும் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒன்றாவதும் மூன்றாவதும் சுமார்தான். இரண்டாவது நன்றாகவே இருந்தது. நாலாவதைப் பிரித்ததும் முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

‘குழாயை உள்ளே செலுத்துவது திறமை. வெளியே எடுப்பது பொறுமை.’

அவள் எழுதிய வரி! குழாயை ஆறு நிமிடம் நிதானமாக வெளியே எடுத்தால், அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும் சதை முளைகள் எத்தனை அகப்படும் என்ற அவளுடைய ஆய்வு. சமையலறை டைமரைத் தள்ளுவண்டியில் கட்டி அவள் எடுத்த போட்டோ கூட அப்படியே இருந்தது. ‘வழிகாட்டி’ என்ற கட்டம் மட்டும் காலி. பெயரை மறைப்பதற்காக அழித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“என்ன டாக்டர், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள் குழாயைக் கழுவிக்கொண்டிருந்த சீனியர் நர்ஸ்.

“அக்கா, என்னோடதே எனக்கு வந்திருக்கு.”

“அப்புறம் என்ன, நூத்துக்கு நூறு போட்டுக்குங்க.”

“தப்பில்லையா?”

“மூணு நிமிஷத்துல முப்பது வருஷத்தை ஓட்டினவரு மேல உக்காந்திருக்காரு. ஆறு நிமிஷம் பாக்கணும்னு சொல்ற நீங்க வீட்டுக்குப் போறீங்க. இதுல எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க.”

இளம் டாக்டர் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கடைசியில் நாலாம் நம்பருக்குத் தொண்ணூற்றெட்டு போட்டாள். நூறு போட்டால் சந்தேகம் வரும். இரண்டாம் நம்பருக்கு எண்பத்தைந்து போடவேண்டிய இடத்தில் எழுபத்தொன்று போட்டபோது மட்டும் கை கூசியது. யாரோ முகம் தெரியாத பிள்ளை, அவளைப் போலவே மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை. மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கருத்தரங்கு அறையில் முடிவை அறிவித்தார்கள். துறைத் தலைவர் புதுக் கோட்டு போட்டு முன்வரிசையில் இருந்தார். இளம் டாக்டர் பின்வரிசையில், நர்ஸின் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

தேர்வுக் குழுச் செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“இந்த வருடத்து நிதி, தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்ற நாலாம் நம்பர் விண்ணப்பத்துக்கு…”

அவள் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள்.

“…அதை அனுப்பிய நம்ம துறைத் தலைவருக்கு!”

கைதட்டலுக்கு நடுவே அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“முப்பது வருஷ சர்வீஸ்ல போன வருஷம்தான் என் பேர்ல முதல் கட்டுரை வந்துச்சு. விதிப்படி பாத்தா நானும் வளர்ற பிள்ளைதான்!” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “நானே போட்டியில இருந்துக்கிட்டு மார்க் போட்டா முறையில்லையே. அதனால, போட்டிக்கு விண்ணப்பமே வராத ஒருத்தர்கிட்ட பொறுப்பைக் குடுத்தேன். கையெழுத்தோட மார்க் போட்டுக் குடுத்த அந்த நேர்மையான டாக்டர் இங்கதான் இருக்காங்க. எங்கேம்மா இருக்கே, கொஞ்சம் எழுந்து நில்லு, எல்லாரும் பாக்கட்டும்.”

அது என் எழுத்து என்று வாயைத் திறந்தால், பின்னே ஏன் தொண்ணூற்றெட்டு போட்டாய் என்று கேட்பார்கள்.

அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.