லியோனாவின் நம்பர்

"எண்பது வயசுக் கிழவிக்கு டயப்பர் எதுக்கு வெர்னா? அதுவும் பச்சைக் குழந்தை அளவுல?"

டிரென்ட் கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார். எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடைக்கு மேனேஜராக வந்த நாளிலிருந்து அந்தத் திரைதான் அவருக்குக் கண்கண்ட தெய்வம்.

கல்லாவில் இருந்த வெர்னா நிமிரவே இல்லை. "எந்தக் கிழவிக்கு?"

"மண் ரோட்டுக் கடைசி வீட்டு லியோனாவுக்குத்தான். டிராக்டர் ஆயில், நாய்த் தீனி, ஹாக்கி மட்டைக்குச் சுத்துற டேப், எல்லாம் அவங்க பேர்ல. வீட்டுல நாய் இருக்கா?"

"பூனைகூடக் கிடையாது."

"அப்ப இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. நம்பரை அடிக்கிறது நீங்கதானே?"

"வர்றவங்க சொல்றாங்க, நான் அடிக்கிறேன்."

அது உண்மைதான். எங்கள் ஊரில் யாரும் கார்டை நீட்டுவதில்லை. உறுப்பினர் நம்பரை வாயாலேயே சொல்வார்கள். அப்பா செத்துப் பல வருஷம் ஆகியும் அவர் நம்பரையே சொல்கிறவர்களும் உண்டு.

"இந்தக் கம்ப்யூட்டர் எதுக்கு இருக்குன்னு நினைக்கிறீங்க?" டிரென்ட் விடவில்லை. "யார் என்ன வாங்குறாங்க, எவ்வளவு வாங்குறாங்கன்னு இதுக்குத் தெரியும். எந்தச் சரக்கை வரவழைக்கணும், எந்த வீட்டுக்குச் சாமான் வேன் அனுப்பணும்னு அதை வெச்சுத்தான் சொல்லுது. பொய்க் கணக்கு ஏறினா வியாபாரமே நாசம்."

"முன்னெல்லாம் கேட்ட வீட்டுக்கெல்லாம் வேன் போச்சு."

"அது தர்ம சத்திரம். இப்ப நிறைய வாங்குற வீட்டுக்கு மட்டும்தான். என் வீட்டையே எடுத்துக்கோங்க. இந்தக் குளிர்காலம் முழுக்க எங்க நம்பர்ல ஒரு முட்டைகூட வாங்கல. ஷெரில் சிட்டியில வேற கடைக்குப் போறா போல. மேனேஜர் பொண்டாட்டியே இப்படின்னா கடை எப்படி விளங்கும்? சாயங்காலம் போய்க் கேக்குறேன்."

வெர்னா அவசரமாகக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஆளைப் பிடிக்கிறேன். பிடிச்சதும் லியோனா நம்பரை மூடிடுவேன். வேனும் நின்னுடும்."

"மைனஸ் முப்பது குளிர்ல அந்தம்மா எப்படி வரும்? காரை வித்தாச்சு. பிள்ளை குட்டியும் கிடையாது."

"நான் என்ன பண்ண முடியும்? கம்ப்யூட்டர் சொல்றதைத்தான் செய்யணும்."

"சட்டம் போட்டது கம்ப்யூட்டர் இல்ல, நீங்க." வெர்னாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

டிரென்ட் சிப்ஸ் அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஒரு மேனேஜர் செய்கிற வேலையா அது?

முதலில் கோதுமை விவசாயி ஓரெஸ்ட் டயப்பர் கட்டோடு வந்து பணத்தை நீட்டினார். "நாலு ஏழு ஒண்ணு ரெண்டு."

டிரென்ட் பாய்ந்து வந்தார். "அது லியோனா நம்பர். உன்னோடது இல்ல."

"வாயில அதான் வந்துச்சு. பொருளுக்குப் பணம் குடுத்தாச்சுல்ல? போலீஸைக் கூப்பிடு, போ." ஓரெஸ்ட் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்து ஆஸ்பத்திரி நர்ஸ். நாய்த் தீனி மூட்டையை வைத்துவிட்டு, டிரென்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு ஏழு ஒண்ணு ரெண்டு."

அவளுக்குப் பின்னால் நின்ற ஹாக்கி கோச்சும் அதையே சொன்னார்.

டிரென்டுக்கு ரத்தம் கொதித்தது. "வெட்கமா இல்ல? ஊரே திருட்டு ஊரா?"

"யாரைத் திருடன்கிறே?"

வரிசையின் கடைசியிலிருந்து வந்த குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஷெரில் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

"நிறைய வாங்கினாத்தான் வேன் வரும்னு ஒரு புத்திசாலி சட்டம் போட்டான். ஒத்தைக் கிழவி எவ்வளவுதான் தின்ன முடியும்? அதான் ஊரே சேந்து அவங்க பேர்ல தின்னுது."

முட்டை அட்டையை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். வெர்னா கேட்கவே இல்லை, விரல்கள் தானாக நம்பரை அடித்தன.

ஷெரில் கணவன் பக்கம் திரும்பினாள்.

"காலையில ரெண்டு முட்டை தின்னியே, அதுவும் லியோனா கணக்குலதான்."