கெட்டி அட்டை

"பத்து வயசுப் பொண்ணும் படிக்கணும், அவ அப்பாவும் படிக்கணும். அப்படி ஒரு புத்தகம் குடுங்கண்ணே" என்றாள் கடைக்கு வந்த பெண்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. ஒரு கடல் பயணக் கதையை எடுத்து நீட்டினார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்மா. பெரியவங்களையும் கீழ வைக்க விடாது."

"ரெண்டு காப்பி வேணும்."

"ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? அப்பாவும் பொண்ணும் ஒண்ணா உட்கார்ந்து படிக்கட்டுமே!"

அவள் அட்டையைத் தட்டிப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் மெல்லிசு அட்டையில கிடைக்குமா?"

"எல்லாமே கெட்டி அட்டைதான். காலத்துக்கும் உழைக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. பக்கத்தின் முனையை மடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இவள் நல்ல பைண்டிங்கையே வேண்டாம் என்கிறாள்!

"கெட்டி அட்டைன்னா ஜெயிலுக்குள்ள விடமாட்டாங்கண்ணே" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொண்ணு, அந்தப் பக்கம் அவரு. என்ன பேசுறதுன்னு தெரியாம, அழுதே நேரம் போயிடுது. ஒரே கதையைப் படிச்சிருந்தா அதைப் பத்தியாவது பேசுவாங்க."

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்தார். தையல் அறுந்துவிடாமல், ஒரு புத்தகத்தின் அட்டையைத் தன் கையாலேயே மெல்ல அறுத்தெடுத்தார்.