ஆறாவதாக வந்தவள்

தடைக்காலம் முடிந்து ஓடிய முதல் நானூறு மீட்டரில் ஜெபக்கனி ஆறாவதாக வந்தாள். வந்தவள் உடை மாற்றப் போகாமல், ஊக்கமருந்துச் சோதனை அறையின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். புதுத் தண்ணீர் பாட்டிலைக் காதருகே வைத்து, மூடி உடைகிற சத்தத்தைக் கேட்ட பிறகே குடித்தாள். இன்னொன்றையும் அப்படியே திறந்து குடித்தாள். இப்போது கால்களை இறுக்கிச் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாள்.

சோதனை அதிகாரி வெளியே வந்தார். "முதல் மூணு பேருக்குத்தாம்மா டெஸ்ட். நீங்க போலாம்."

"எனக்கும் எடுங்க மேடம். அன்னிக்கு ஜெயிச்சப்போ எடுத்தீங்க, மாட்டிக்கிட்டேன். இன்னிக்குத்தான் சுத்தமா ஓடியிருக்கேன்."

"ஆறாவதா வந்தவங்ககிட்ட எடுத்து என்னம்மா பண்றது?" அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுடைய பழைய கோச் செல்லத்தாய் வந்து கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரி கனி. நீ சுத்தமா ஓடுனது எனக்குத் தெரியும்ல, அது போதாதா?"

"அன்னிக்கும் உங்களுக்குத் தெரியும்லக்கா."

செல்லத்தாயின் பிடி தளர்ந்தது. சற்றுத் தள்ளிப் பெண்கள் கழிப்பறை திறந்தே கிடந்தது. ஜெபக்கனி சாத்திய கதவைப் பார்த்தபடி கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.